ஒரு விமானம் பறந்துவிட்டது. அதையே ஐம்பது கிட்டாக ஆக்குவது எப்படி?

தட்டாம்பூச்சி கேட்டது:

வணக்கம். அருகருகே இரண்டு இருக்கை, தாழ்ந்த சிறகு, முழுக்க அலுமினியத் தகடு, அதிகபட்ச எடை 600 கிலோ, ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின். மாதிரி விமானம் 70 மணி நேரம் பறந்தாயிற்று. பறக்கும் குணத்தில் இனி கை வைப்பதாக இல்லை. இதையே துளையிட்ட தகடுகளோடு, வாங்குபவர் தாமே கட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பாக, அதாவது கிட்டாகக் கொடுக்க வேண்டும். முதல் தொகுதி பத்து, பிறகு நாற்பது.

இப்போதைய நிலை இது: தகடுகள் கையால் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் துளையிட்டுச் சேர்த்தவை. கணினி மாடல் இருக்கிறது; கட்டும்போது செய்த திருத்தங்களில் பாதிதான் அதில் ஏறியிருக்கிறது. எஞ்சின் மவுண்டும் சக்கரக் கால் தாங்கியும் 4130 எஃகுக் குழாய், வெல்டிங். சிறகில் மணல் மூட்டை அடுக்கி 4 ஜி (எடையைப்போல் நான்கு மடங்கு) வரை சோதித்தோம், உடையவில்லை.

கேள்விகள் நான்கு. பறந்த விமானத்தை அளந்து அதிலிருந்தே உற்பத்தி டிராயிங் எடுக்கலாமா? துளைகளை லேசரில் போடலாமா, பஞ்ச்தான் வேண்டுமா? சிறகுச் சோதனை இவ்வளவு போதுமா? எந்தக் கட்டத்தில் முன்பணம் வாங்கலாம்?


ஜிக்மேசை எழுதியது:

முதல் கேள்விக்கு: பாதிதான் எடுக்கலாம். காற்றுக்குத் தெரிகிற அளவுகளை மட்டும் பறந்த விமானத்திலிருந்து எடுங்கள். சிறகின் பொருத்துகோணம், வேரிலிருந்து நுனி வரையான முறுக்கு, டைஹெட்ரல் (சிறகு நுனி மேல்நோக்கி எழும் கோணம்), வால் கோணம், எஞ்சினின் கீழ்நோக்கிய சாய்வும் பக்கச் சாய்வும், ஏலெரான் (சிறகின் பின்விளிம்பில் அசையும் பகுதி) மேலும் கீழும் போகிற டிகிரி. டிராயிங்கில் முறுக்கு 2.5 டிகிரி என்றிருக்கும். கட்டியதை அளந்தால் இடது 2.1, வலது 2.3 வரும். உங்களுக்குப் பிடித்த ஸ்டால் குணம் (சிறகு தூக்குவிசை இழக்கும் விதம்) 2.5-இல் வந்ததல்ல, 2.2-இல் வந்தது. மாடலில் ஏற வேண்டியது அதுதான்.

துளை, விளிம்பு, ரிவெட் வரிசை இவற்றையெல்லாம் பறந்த விமானத்திலிருந்து எடுக்கவே கூடாது. அந்தத் துளைகள் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் சொந்தம். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக இருக்காது, ஃபியூசலாஜ் (உடற்பகுதி) ஓரிரு மில்லிமீட்டர் முறுக்கியிருக்கும். அதையெல்லாம் கூட்டிவந்து டிராயிங்கில் குடியேற்றாதீர்கள்.

ஆகவே வரிசை இப்படி: மாடலைத் திருத்துங்கள், டிராயிங்கைப் பூட்டுங்கள், அந்த டிராயிங்கில் வந்த பாகங்களை மட்டும் வைத்து இரண்டாவது விமானம் கட்டுங்கள். கட்டும்போது ஒரு நிபந்தனை. எந்தப் பாகத்திலாவது அரம் பட்டால், ஒரு துளையை இழுத்துப் பிடித்துக் கிளிக்கோ (தற்காலிகப் பிடிப்பு ஊசி) போட வேண்டி வந்தால், அதைத் தாளில் எழுதாமல் அடுத்த ரிவெட் அடிக்கக் கூடாது. அந்தத் தாள்தான் உங்கள் திருத்தப் பட்டியல். நல்ல கைக்காரர் கட்டினால் பட்டியல் சின்னதாக வரும், ஏனென்றால் அவர் கை தானாகவே சரிசெய்துவிடும். நடுத்தரக் கைக்காரரிடம் கொடுங்கள்.

இனி துளை. 3.2 மிமீ ரிவெட்டின் உடல் 3.18, துளை இறுதி அளவு 3.26. இடைவெளி வெறும் 0.08 மிமீ. மூன்று தகடு சேரும் இடத்தில் எல்லாவற்றையும் இறுதி அளவில் போட்டு அனுப்பினால், ஒரு தகடு 0.15 நகர்ந்தாலே ரிவெட் இறங்காது. கட்டுபவர் துளையை நீள்வட்டமாக்கிவிடுவார். 2.5 மிமீயில் பஞ்ச் போட்டு, கட்டும்போது 3.26-க்கு ஏற்றினால் அந்த நகர்வைத் துரப்பணமே தின்றுவிடும். விலை என்ன என்றால், கட்டுபவர் ஒவ்வொரு துளையையும் மறுபடி ஏற்றி, பிரித்து, பிசிறெடுத்து, திரும்பச் சேர்க்க வேண்டும். முதல் தொகுதிக்கு அதுவே பாதுகாப்பு.

விளிம்புத் தூரம் துளை மையத்திலிருந்து குறைந்தது ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 6.4 மிமீ. மாதிரியில் அதை ஒட்டியே வைத்திருப்பீர்கள். உற்பத்தியில் 8 வையுங்கள். துளையில் தவறு செய்து அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போகிறவருக்கு அந்த 1.6 மிமீதான் தகட்டைக் காப்பாற்றும்.

வளைப்புக்கு வருகிறேன், பெரும்பாலான கிட்டுகள் இங்கேதான் கோணலாகின்றன. 0.8 மிமீ தகட்டை 2.4 மிமீ உள் ஆரத்தில் 90 டிகிரி வளைத்தால், கே-எண் (வளைக்கும்போது நீளாத தளம் தடிமனில் எங்கே இருக்கிறது என்ற பின்னம்) 0.33 என்று எடுத்தால் வளைவுக்குப் போகிற தகடு 4.18 மிமீ, 0.5 என்று எடுத்தால் 4.40. ஒரு வளைவுக்கு 0.2 வித்தியாசம். நான்கு வளைவுள்ள தொப்பி வடிவ ஸ்டிஃப்னரில் (விறைப்புப் பட்டையில்) முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், கடைசி வரிசைத் துளை சேராது. மென்பொருள் தருகிற எண்ணை நம்பாதீர்கள். உங்கள் பிரேக்கில் (தகடு வளைக்கும் இயந்திரத்தில்), உங்கள் தகட்டில், சரியாக 100.0 மிமீ நீளப் பட்டைகள் ஐந்து வெட்டி வளைத்து, இரண்டு பக்கத்தின் வெளி அளவையும் கூட்டி 100-ஐக் கழியுங்கள். அதுதான் உங்கள் கழிவு. பிரேக் மாறினால், தகட்டுத் தொகுதி மாறினால் மறுபடியும் பட்டை வெட்டுங்கள்.

இன்னொன்று, இழைத் திசை. 2024-டி3 ரக அலுமினியத் தகட்டில் வளைப்புக் கோடு உருட்டு இழைக்கு இணையாகப் போனால் வெடிக்கும். டிராயிங்கில் அம்புக்குறி போடுங்கள். வெட்டும் இடத்தில் உள்ள மென்பொருள் தகடு மிச்சம் பிடிக்கப் பாகத்தை 90 டிகிரி திருப்பி அடுக்கும். திருப்பக் கூடாது என்று எழுத்தில் சொல்லாவிட்டால் பத்து செட்டும் அப்படியே வந்து நிற்கும்.

சிறகின் முன்விளிம்புக்குச் சுற்றுகிற ஸ்கின்னில் (வெளித்தகட்டில்) ஒரு கண்ணி உண்டு. துளைகளை ரிப்பின் (சிறகின் குறுக்கு விலாவின்) வெளிக்கோட்டு நீளத்தில் கணக்கிட்டு விரித்தால் தவறு. தகட்டின் நடுத்தளம் அதைவிட அரைத் தடிமன் வெளியே இருக்கிறது. 0.8 மிமீ தகடு அரை வட்டம் சுற்றினால் வித்தியாசம் பை (π) பெருக்கல் 0.4, அதாவது 1.26 மிமீ. மேல் ஸ்பார் (சிறகைத் தாங்கும் நீள விட்டம்) வரிசை சேர்ந்தால் கீழ் வரிசை சேராது. "பட்டையை இன்னும் இறுக்குங்கள்" என்று கையேட்டில் எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எத்தனை இறுக்கினாலும் 1.26 எங்கும் போகாது.

ரிப்: தட்டையில் துளையிட்டு, ரப்பர் அழுத்தத்தில் ஃபார்ம் பிளாக்கின் (அச்சுக் கட்டையின்) மேல் மடித்தால், வளைந்த ஃபிளாஞ்ச் (மடித்த ஓரம்) சுருங்க இடமில்லாமல் ரிப் வாழைப்பழம்போல் வளைந்து வரும். துளைகளுக்கு நடுவே சிறு மடிப்பு போட்டு நேராக்க வேண்டும். அந்த மடிப்பை ஃபார்ம் பிளாக்கிலேயே செதுக்கிவிடுங்கள். கட்டுபவர் இடுக்கியால் போடட்டும் என்று விட்டால், ஒருவர் மூன்று போடுவார், ஒருவர் ஒன்பது போடுவார், துளை இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும்.


சுமைக்கணக்கு எழுதியது:

சிறகுச் சோதனை போதாது. இரண்டு காரணம்.

ஒன்று, 4 ஜி உங்கள் லிமிட் சுமை (பறப்பில் எதிர்பார்க்கும் அதிகபட்சம்) என்றால், அல்டிமேட் (உடையாமல் தாங்க வேண்டியது) 1.5 மடங்கு, 6 ஜி. லிமிட்டில் நிரந்தர வளைவு இருக்கக் கூடாது. அல்டிமேட்டை 3 விநாடி தாங்க வேண்டும். "உடையவில்லை" என்பது முதலாவதுக்கும் பதில் அல்ல. சுமையை இறக்கியபின் நுனி பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று அளந்தீர்களா?

இரண்டாவது, சோதித்தது கையால் துளையிட்ட சிறகு. விற்கப்போவது வேறு சிறகு. பஞ்ச் துளை, வேறு தொகுதித் தகடு, வேறு வளைவு ஆரம். உற்பத்திப் பாகங்களில் கட்டிய ஒரு சிறகை முழு அல்டிமேட் வரை ஏற்றுங்கள். அது பிறகு பறக்கக் கூடாது. அந்தச் செலவை இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: 600 கிலோவில் இரண்டு சிறகும் சேர்ந்து 90 கிலோ என்று வைப்போம். சிறகின் சொந்த எடை பறக்கும்போது தன்னையே கீழே இழுப்பதால் வேர் மீதான நிகரச் சுமை 4 பெருக்கல் 510, அதாவது 2040 கிலோ. ஒரு பக்கம் 1020, அல்டிமேட் 1530. விமானத்தைத் தலைகீழாக வைத்துச் சோதிக்கும்போது சிறகின் 45 கிலோ ஏற்கெனவே சுமையின் திசையிலேயே தொங்குகிறது. ஆகவே ஒரு பக்கத்துக்கு மூட்டை 1485 கிலோ. பத்து கிலோப் பை என்றால் 149.

பை வைக்கிற விதத்தில்தான் சோதனையே இருக்கிறது. சிறகு வளையும்போது ஒட்டி அடுக்கிய பைகள் ஒன்றையொன்று நெருக்கி வளைவுப் பாலம்போல் நின்றுவிடும், சுமையில் ஒரு பங்கைத் தாங்களே தாங்கும். வரிசைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். வேரிலிருந்து நுனிக்கு, இரண்டு பக்கமும் சமமாக ஏற்றுங்கள், இறக்கும்போது நுனியிலிருந்து. நுனிக்குக் கீழே தொடாமல் ஜாக் நிற்கட்டும். லிமிட்டின் 40, 60, 80, 100 சதவீதத்தில் நின்று ஒவ்வொரு முறையும் நுனி இறக்கத்தைக் குறியுங்கள். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று சாய்ந்தால் ஏதோ ஒரு இணைப்பு நழுவுகிறது, அங்கேயே நிறுத்துங்கள்.

பைகளை முன்விளிம்பிலிருந்து சிறகின் அகலத்தில் கால்பங்குக் கோட்டில் மட்டும் வைத்தால் முறுக்குச் சுமை வராது. அதிகோண மூலைக்கு (மூக்கை உயர்த்திய நிலையில் வரும் உச்சச் சுமைக்கு) அது சரி. அதிவேக மூலையில் அழுத்த மையம் பின்னால் போகும், சிறகு மூக்கைத் தாழ்த்தி முறுக்கப் பார்க்கும். அதற்குத் தனியாக ஒரு ஏற்றம் வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சிறகைவிட எனக்குப் பயம் வால் பொருத்திகளிலும் கட்டுப்பாட்டுக் கீல்களிலும். பொருத்திகளுக்கு 1.15 கூடுதல் காரணி, கீல் தாங்கியின் அழுத்தத்துக்கு 6.67 என்பது பழைய விதிப்புத்தகங்களிலிருந்தே வரும் எண்கள். மாதிரியில் கடைந்தெடுத்த கீலை உற்பத்தியில் மலிவாக மடித்த தகடாக மாற்றும் ஆசை வரும். மாற்றினால் அந்தக் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

ஃபிளட்டர் (வேகத்தில் சிறகோ ஏலெரானோ தானே அதிர்ந்து பெருகும் ஆபத்து): உங்கள் மாதிரி ஏலெரானுக்குப் பெயின்ட் ஒரு பூச்சுதான் இருக்கும். வாங்குகிறவர் பட்டி தடவி, மூன்று பூச்சடித்து, மேலே பளபளப்பும் அடிப்பார். எடை எல்லாம் கீலுக்குப் பின்னால் ஏறும். ஆகவே பெயின்ட் அடித்தபின் சமநிலை பார்க்கும் முறையை, அனுமதிக்கும் எல்லையோடு, டிராயிங்கிலேயே போடுங்கள்; எதிர் எடையில் கூட்டிக் குறைக்க இடம் விடுங்கள். பறந்து காட்டிய அதிகபட்ச வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சிவப்புக் கோடு (தாண்டக் கூடாத வேகம்) போடாதீர்கள்.

எடையும் அப்படியே. வெற்று எடை 340 என்றால் இரண்டு பேர் 170, நூறு லிட்டர் பெட்ரோல் 72, மொத்தம் 582. மிச்சம் 18 கிலோ. பெயின்ட், பெரிய திரை, மெத்தை இருக்கை என்று வாங்குகிறவர் 15 கிலோ ஏற்றினால் பை வைக்க இடமில்லை. மாதிரியின் வெற்று எடையை விளம்பரத்தில் போடாதீர்கள்; இரண்டாவது விமானத்தைப் பெயின்ட் அடித்து எடை போட்டுப் போடுங்கள்.


பிசிறு எழுதியது:

ஜிக்மேசை சொன்ன எல்லாவற்றுக்கும் சரி, துளை அளவில் மட்டும் மாறுபடுகிறேன். 2.5-இல் அனுப்பி எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னால், ஐந்தாயிரம் துளையை ஆயிரம் மனநிலையில் ஏற்றுவார்கள். துரப்பணம் சாய்ந்து போகும், கீழ்த் தகட்டில் எட்டு வடிவம் வரும். ஸ்பார், வேர் இணைப்பு, எஞ்சின் மவுண்ட் அடி இவற்றைப் பட்டறையிலேயே ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டு இறுதி அளவில் அனுப்புங்கள். வெளி ஸ்கின், தரைத்தகடு போன்றவை 2.5 இருக்கட்டும். ஒரே பதில் எல்லா இடத்துக்கும் இல்லை.

லேசர் பற்றி. 2024 ரக அலுமினியத் தகட்டில் லேசர் துளையின் ஓரம் உருகி உறைந்த விளிம்பு. வெட்டு தொடங்கி முடிகிற இடத்தில் ஒரு நுண்ணிய பள்ளம் இருக்கும். வெறும் துளையாக இருக்கும்வரை கண்ணில் படாது. டிம்பிள் போட்டால் (ரிவெட் தலை அமரத் துளையோரத்தைக் குழித்தால்) ஓரம் விரிகிறது. விரிசல் அந்தப் பள்ளத்திலிருந்து கிளம்பும். இது தாளில் மட்டும் உள்ள பயம் இல்லை. கிட் விமானங்களில் பெரிய பெயரான வான்ஸ் ஏர்கிராஃப்ட் லேசரில் வெட்டிய பாகங்களின் டிம்பிள் துளைகளில் விரிசல் வருவதை 2023-இல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. பாகங்களை மாற்றித் தரவேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. காரணம் இது ஒன்று மட்டும் இல்லை, ஆனால் இதுவும் ஒன்று. அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள இடத்திலேயே வெட்டும் முறையை மாற்றியது இத்தனை தூரம் கொண்டுபோனது.

லேசர்தான் கைவசம் என்றால், வெளிவிளிம்பை லேசரில் வெட்டி ஓரத்தை அரை மில்லிமீட்டர் தேய்த்தெடுங்கள். துளைகளை 2 மிமீக்குக் குறைவாகப் போட்டு, துரப்பணத்தால் ஏற்றி உருகிய வளையத்தை முழுவதும் நீக்குங்கள். சிஎன்சி ரௌட்டரில் தகடுகளை அடுக்கி வெட்டுவது முதல் பத்துக்கு ஏற்றது. அடுக்கு உயர்ந்தால் சிறு துரப்பணம் வழிமாறும். அடித் தகட்டின் துளை மேல் தகட்டோடு பொருந்துகிறதா என்று பின்கேஜால் (அளவு ஊசியால்) பாருங்கள். ஐம்பது என்றால் டர்ரெட் பஞ்ச் (பல அச்சுகளை மாற்றிமாற்றித் துளையிடும் இயந்திரம்). பஞ்ச் மழுங்கினால் பிசிறு ஒரு பக்கம் உயரும். பிசிறு உயரத்தைத் தகட்டுக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பது போதும், கருவி வேண்டாம்.

எந்த முறையானாலும் புதிய தொகுதியில் முதலில் வந்த தகட்டின் ஓரத்துண்டில் இருபது துளை டிம்பிள் போட்டு, சாயம் ஊடுருவும் சோதனை செய்துவிட்டு மீதியை வெட்டச் சொல்லுங்கள். அரை மணி வேலை.


தட்டாம்பூச்சி:

நன்றி. சுமை இறக்கியபின் நுனியை அளக்கவில்லை, உண்மைதான். இரண்டாவது சிறகு போடுகிறோம். வெல்டிங் பாகங்களுக்கு ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடிக்கும் சட்டம்) எப்படி? ஸ்பாரைக் கட்டும் மேசை எஃகில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா? கேனோபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) ஊதிக் கொடுப்பவர் ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும் என்கிறார்.


ஜிக்மேசை:

எஃகு மேசை இருக்கட்டும், ஆனால் இரண்டு முனையிலும் ஊசி வைத்துப் பூட்டாதீர்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், எஃகு 12. மூன்று மீட்டர் ஸ்பார், காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர். வேர் முனையில் வட்டத் துளை ஊசி, நுனியில் நீள்துளை. துளைகளின் இடத்தைத் தகடே சொல்லட்டும். மேசை நேராகப் பிடிக்க மட்டும்.

வெல்டிங் ஜிக்: எல்லா மூட்டையும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்ட்) போட்டுவிட்டு, எதிரெதிர் மூட்டாக மாறிமாறி நிரப்புங்கள். காற்று வீசாத இடத்தில் தானாக ஆற வேண்டும். 4130 குழாயை ஈரத்துணி வைத்துக் குளிர்வித்தால் மூட்டு ஓரம் கடினமாகி விரிசல் விடும். முழுக்க ஆறும்வரை ஜிக்கிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றியபின் ஒரு இழுப்பு கட்டாயம் இருக்கும், அதனால் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) பக்கப் போல்ட் துளைகளைச் சிறியதாக வைத்து, வெல்டிங் முடிந்தபின் இரண்டாவது ஜிக்கில் வைத்து ரீமர் போடுங்கள். வெல்ட் ஜிக்கும் சரிபார்க்கும் ஜிக்கும் ஒன்றாக இருக்கவே கூடாது. வெல்ட் ஜிக் சூடுபட்டுச் சூடுபட்டுத் தானே கோணும். அதைக் காட்டிக்கொடுக்க வேறொன்று வேண்டும்.

பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். போல்ட் உட்காரும் முகங்களையும் துளைகளையும் மூடிவிட்டு அடியுங்கள். பிளாஸ்டிக் மேல் இறுக்கிய போல்ட் சில மணி நேரப் பறப்பில் இறுக்கம் இழக்கும். விரிசல் சோதனை பவுடருக்கு முன்னால்தான், பின்னால் செய்து பயனில்லை.

கேனோபி மாறத்தான் செய்யும். அக்ரிலிக் ஊதும்போது அச்சு இல்லாத இடம் அதன் இஷ்டம். ஓரத்தில் 25 மிமீ மிச்சம் விட்டு அனுப்புங்கள், கட்டுபவர் வெட்டிக்கொள்ளட்டும். அக்ரிலிக் டிகிரிக்கு மீட்டருக்கு 70 மைக்ரான் அளவில் நீளும். ஒரு மீட்டர் நீளத்தில் 40 டிகிரி மாறினால் அலுமினியச் சட்டத்தைவிடச் சுமார் 1.9 மிமீ கூடுதல். 4 மிமீ திருகுக்கு 6.5 மிமீ துளை, நடுவில் ரப்பர். இறுக்கமாகத் துளைத்தால் முதல் குளிர் இரவிலேயே துளையிலிருந்து கீறல் ஓடும்.


பெட்டிக்காரர் எழுதியது:

பாகம் சரியா வர்றது பாதி வேலைதான். மீதி, பெட்டியும் கையேடும்.

வன்பொருள் பையை வகைவாரியா பிரிக்காதீங்க, கையேட்டு அத்தியாயவாரியா பிரிங்க. "எலிவேட்டர், பை 3" அப்படின்னு. ஏஎன்3-5ஏ, ஏஎன்3-6ஏ போல்ட் ரெண்டுக்கும் நீள வித்தியாசம் 3 மிமீதான். ஒரே டப்பால இருந்தா கலந்துரும். கடைசி ஏ எழுத்து இல்லைன்னா அது பின் துளை போட்ட போல்ட், வேற சாமான். ரிவெட் எடை பார்த்து எண்ணுங்க, பத்து சதம் கூடுதல். போல்ட் அஞ்சு சதம். ஒரு நட்டு குறைஞ்சா வாங்கினவர் வேலை ஒரு வாரம் நிக்கும், உங்க ஆள் ஒருத்தர் அன்னைக்கு முழுக்க அதுக்கே போவார்.

இறுக்கும் அளவையும் அந்தந்தப் பக்கத்துலயே போடுங்க. ஏஎன்3-க்கு 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். பின்னிணைப்புல அட்டவணையா போட்டா யாரும் திருப்பிப் பார்க்கமாட்டாங்க.

தகடு மேல ஒட்டின பாதுகாப்பு நீலப்படலம்: கிட் வாங்கினதும் உரிச்சிடணும்னு பெட்டி மூடியிலேயே எழுதுங்க. வருஷக்கணக்கா விட்டா ஈரம் உள்ள போய் அடியில அரிக்கும். படலத்துக்கு மேல பாக எண் எழுதி அனுப்புறதும் தப்பு, உரிச்சதும் எண் போயிடும். தகட்டுலயே, ரிவெட் படாத இடத்துல, மையால அடிங்க. கீறல் குறி வேண்டாம், விரிசலுக்கு அதுவே ஆரம்பம்.

பெட்டி நீளம்: இருபதடிக் கன்டெய்னர் உள்நீளம் 5.9 மீட்டர்தான். ஸ்பாரை அதுக்கு மேல ஒரே துண்டா வடிவமைச்சா நாற்பதடிக்கு வாங்குறவர் காசு குடுக்கணும்.

கையேடு பத்தி. எழுதுறவர் விமானத்தை வடிவமைச்சவரா இருக்கக் கூடாது. அவருக்கு எல்லாம் தெரியும், அதனாலயே எழுத மாட்டார். முதல் பத்துல மூணு கிட்டை அறிமுகமில்லாத மூணு பேருக்குக் குடுங்க. ஒருத்தராவது ரிவெட் அடிச்சே பார்க்காதவரா இருக்கணும். உங்க ஆள் பக்கத்துல உட்கார்ந்து எழுதட்டும், வாயைத் திறக்கக் கூடாது. அவர் எந்தப் பக்கத்துல நின்னு தலையைச் சொறியறாரோ, அந்தப் பக்கத்துக்குப் படம் வேணும். ரிவெட் துப்பாக்கி நுழையாத இடமும் இப்பத்தான் தெரியும். மாடல்ல ரிவெட் அழகா இருக்கும், பின்னால தாங்கு கட்டை பிடிக்கக் கை போகாது. அங்க இழுப்பு ரிவெட்டுக்கு மாறணும்னா அதோட வலிமை வேற, சுமைக்கணக்கு கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

51 சதவீத விதி: சொந்தமா கட்டின விமானம்னு ஏத்துக்கணும்னா அமெரிக்காவுல பெரும்பகுதியை வாங்கினவரே படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ கட்டியிருக்கணும். ஐரோப்பாவுலயும் 2018/1139 விதியோட முதல் இணைப்புல 51 சதவீதம்னு எண்ணாவே இருக்கு. அமெரிக்கக் கணக்கு மணி நேரத்துல இல்லை, வேலைப் பட்டியல்ல. ஒவ்வொரு வேலையும் உங்க கட்டத்துலயா அவர் கட்டத்துலயான்னு குறிப்பாங்க. ரெக்கையை முடிச்சுக் குடுத்து "சீக்கிரக் கிட்" விக்கணும்னு நினைச்சா, அதுக்கு முன்னாடி பட்டியலை மறுபடி நிரப்பிப் பாருங்க. வித்தபிறகு பார்த்தா, பதிவு மறுக்கப்படுறது வாங்கினவருக்கு.


சுமைக்கணக்கு:

கையேட்டில் விடுபடக் கூடாதது ஒன்று: பேட்டரி இடம். 7 கிலோ பேட்டரியை ஃபயர்வாலிலிருந்து இருக்கைக்குப் பின்னால் 2 மீட்டர் நகர்த்தினால், 582 கிலோ விமானத்தின் எடை மையம் 24 மிமீ நகரும். இலகுவான லித்தியம் பேட்டரி போடுகிறவர், கனமான புரொப்பெல்லர் போடுகிறவர், இருவருக்கும் வேறு வேறு விடை வரும். இரண்டு இடத்திலும் தட்டுக்குத் துளை போட்டு அனுப்புங்கள். எதைப் பயன்படுத்துவது என்பதை எடை போட்ட பிறகு முடிவு செய்யச் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

முன்பணம் பற்றி யாரும் தொடவில்லை. சுருக்கமாக.

இரண்டாவது விமானம் பறந்து, உற்பத்திச் சிறகு அல்டிமேட் தாங்கி, எஞ்சின் வருவது எழுத்தில் உறுதியான பிறகு. அதற்கு முன் வாங்கினால் அது தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், பட்டறை வாடகைக்குப் போகக் கூடாது. பீட் நிறுவனத்தின் பிடி-5 கிட் விமானம் நினைவிருக்கும்: 1971-இல் முதலில் பறந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள், எஞ்சின் தந்த ஹிர்த் நொடித்ததும் கிட்டுகள் எஞ்சினில்லாமல் நின்றன, 1979-இல் நிறுவனமே திவால். விமானம் மோசமில்லை என்று இன்றும் வாதாடுவார்கள். அதனால் பணம் கட்டியவருக்கு என்ன?

விலை போடும்போது: எண்ணிக்கை இரட்டிக்க இரட்டிக்கக் கைவேலை 20 சதவீதம் குறையும் என்று டி. பி. ரைட் என்ற பொறியாளர் 1936-இல் விமானத் தொழிலுக்கு எழுதிய கணக்கு இன்னும் ஏறக்குறைய ஓடுகிறது. முதல் கிட்டுக்கு 400 மணி என்றால் இரண்டாவதுக்கு 320, நான்காவதுக்கு 256, எட்டாவதுக்கு 205. பலர் ஐம்பதாவது கிட்டின் செலவை வைத்து முதல் பத்துக்கு விலை சொல்கிறார்கள். முதல் பத்தின் சராசரியை வையுங்கள். பஞ்ச் இயந்திர நேரமும் தகட்டு விலையும் இந்த வளைவில் இறங்காது, அவற்றைத் தனியாகப் போடுங்கள்.

வால் கிட், சிறகு கிட், உடல் கிட் என்று பிரித்து விற்பதில் ஒரு ஆபத்து: வால் மலிவு, எல்லோரும் வாங்குவார்கள், உடல் கிட்டுக்கு வரும்போது பாதிப்பேர்தான் இருப்பார்கள். உடலுக்கான டை செலவை ஐம்பதால் வகுக்காதீர்கள்.


தட்டாம்பூச்சி:

கடைசியாக ஒன்று. முதல் பத்து போனபின் ஒரு பாகத்தில் திருத்தம் வந்தால் பாக எண்ணை மாற்றுவதா, ரிவிஷன் எழுத்தை மட்டும் மாற்றுவதா?


ஜிக்மேசை:

பழையதற்குப் பதில் புதியதை அப்படியே போட முடியும் என்றால், ரிவிஷன் எழுத்து. துளை மாறினாலோ பக்கத்துப் பாகத்தையும் மாற்ற வேண்டி வந்தாலோ புதிய எண். எந்த வரிசை எண் கிட்டில் எந்த ரிவிஷன் போனது, அந்தத் தகடு ஆலையின் எந்தத் தொகுதி, எந்தச் சான்றிதழ் என்று ஒரு பதிவேடு முதல் கிட்டிலிருந்தே இருக்கட்டும். ஒரு தொகுதித் தகட்டில் கோளாறு தெரிந்தால் அது போன நான்கு பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பலாம். பதிவேடு இல்லையென்றால் ஐம்பது பேரையும் தரையிறக்க வேண்டியிருக்கும்.